பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை: தமிழ் மாணவர் நடவடிக்கைகளைச் சமூகத்தோடு சேர்ந்து நடத்தும் வழிமுறை

சிங்கப்பூரில் மாவட்டக் கல்வி வாரியம் என்று ஒன்று கிடையாது. கல்வி அமைச்சு பள்ளிகளை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் பத்துப் பன்னிரண்டு பள்ளிகளை ஒரு குழுமமாகச் சேர்த்து, ஒரு கண்காணிப்பாளரின் பொறுப்பில் விட்டிருக்கிறது. 1997ஆம் ஆண்டு தொடங்கிய இந்தக் குழும முறையைப் பெரும்பாலான பெற்றோர் அறிந்திருக்கமாட்டார்கள். ஆனால் தமிழாசிரியருக்கு இதைவிட உதவியான அளவுகோல் வேறில்லை என்பேன். அக்கம்பக்கப் பள்ளி ஒன்றில் ஒரு நிலைக்குப் பன்னிரண்டு தமிழ் மாணவர்கள் இருந்தாலே நிறைவு என்னும் சூழலில், தனிப் பள்ளியாக நின்று ஒரு நாடகமோ கண்காட்சியோ நடத்துவது கடினம். நாடு தழுவிய போட்டி என்றால் பேச்சுத்திறன் மிக்க இரண்டு மாணவர்கள் மட்டுமே மேடை ஏறுவார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில், மூன்று பள்ளிகளும் ஒரு சமூக மன்றமும் ஒரு முதியோர் நிலையமும் கைகோக்கும் அளவில்தான் எல்லா மாணவருக்கும் ஏதாவது ஒரு வேலை கிடைக்கிறது.

பல ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் ஒரு சமூக மன்றத்தில் இந்தியர் நிகழ்ச்சிகளை நடத்தும் இந்திய நற்பணிச் செயற்குழுவில் தொண்டூழியம் செய்து வருகிறேன். கதவைத் தட்டியவனாகவும் இருந்திருக்கிறேன், கதவைத் திறந்தவனாகவும் இருந்திருக்கிறேன். இரு பக்கமும் கண்டதை வைத்து, தமிழாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆதரவுக் குழுவினருக்கும் சமூக அமைப்புகளில் இருப்போருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

வேலையில் இறங்குமுன் ஏன் இறங்குகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுகிறார்கள். இந்தியர்களோ மக்கள்தொகையில் ஏறத்தாழ 9 விழுக்காடு. எல்லா இந்தியரும் தமிழர் அல்லர் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், தமிழ் கற்கும் பிள்ளைகளுள் பலர் வகுப்பறைக்கு வெளியே தமிழில் பேசியே ஆக வேண்டிய நிலையை ஒருநாளும் சந்திப்பதில்லை என்பது புலப்படும். அந்த நிலையை ஏற்படுத்தித் தருவதே சமூகப் பங்காளித்துவத்தின் முதல் பயன். மேடையும் பரிசும் நாளிதழில் வரும் படமும் அதற்குப் பின்னர்தான்.

முதலில் நடந்து பாருங்கள்

பங்காளிகளைத் தேடும் ஆசிரியர்கள் வழக்கமாகத் தேக்காவை (லிட்டில் இந்தியா வட்டாரத்தை) நோக்கியே திரும்புகிறார்கள். கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும், பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமும், தமிழ் நூல்களை வைத்திருக்கும் தேசிய நூலகமும் அருமையான இடங்களே. ஆண்டுக்கு ஒரு முறை மாணவர்களை அழைத்துச் செல்லத்தான் வேண்டும். ஆயினும் உட்லண்ட்சிலோ ஜூரோங் வெஸ்ட்டிலோ இருக்கும் பள்ளிக்கு அது பேருந்து வாடகையும் அரைநாளும் கேட்கும் பயணம். ஆண்டுக்கு ஆறு முறை சந்திக்க வேண்டிய பங்காளி பள்ளிக்கு அருகில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளி வாயிலிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு திசையிலும் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். கையில் ஒரு தாளும் எழுதுகோலும் இருந்தால் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இயங்கும் துடிப்பாக மூப்படையும் நிலையம், சமூக மன்றம், வட்டார நூலகம், சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் துணைப்பாட வகுப்பு நடைபெறும் இடம், மளிகைக் கடை, ஈரச்சந்தையில் வெற்றிலையும் பூவும் விற்கும் கடை, காலையில் தமிழ் முரசைப் படித்தபடி காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் என எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதன்முதலில் இப்படி நடந்தபோது, ஏழு ஆண்டுகளாகப் பணியாற்றிய பள்ளிக்கு எதிர் புளோக்கிலேயே ஒரு முதியோர் நிலையம் இருந்ததையும், அங்கே வருவோரில் ஒன்பது பேர் தமிழர் என்பதையும் அறிந்து நாணினேன். அந்த ஏழு ஆண்டும் என் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றித் தீவின் மறுகோடிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன்.

வழிபாட்டுத் தலங்களைப் பற்றி ஒரு சொல். கோயில், தமிழில் உரை நிகழும் பள்ளிவாசல், தமிழ்ச் சபை கூடும் தேவாலயம் ஆகிய மூன்றிலும் தமிழ் உயிரோடு புழங்குகிறது. அங்குள்ள பெரியவர்கள் பிள்ளைகளுக்கு மனமுவந்து நேரம் தருவார்கள். ஆனால் அரசுப் பள்ளிகள் சமயச் சார்பற்றவை என்பதால், கட்டடத்தின் வரலாறு, சமூகப் பணி, மொழி ஆகியவற்றோடு நடவடிக்கை நின்றுவிட வேண்டும். பள்ளி முதல்வரிடம் முன்கூட்டியே பேசி, ஒரே சமயத்தின் தலத்துக்கு மட்டும் செல்லாதவாறு திட்டமிடுங்கள். தமிழ் வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்துவப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள். எவரும் தாம் விருந்தாளி என்று உணரக்கூடாது.

அவர்களுக்கு என்ன தேவை என்று கேளுங்கள்

பள்ளிகள் அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1997இல் தொடங்கிய சமூக ஈடுபாட்டுத் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஆறு மணிநேரம் சேவை செய்ய வேண்டியிருந்தது. 2012இல் அதற்குப் பதிலாக, நற்பண்புகளைச் செயலில் காட்டும் நோக்கில் விஐஏ (Values in Action) திட்டம் வந்தது. மணிக்கணக்கைவிட மாணவர் என்ன உணர்ந்தார், எதை மாற்றினார் என்பதே முக்கியம் என்பது அதன் கருத்து. உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் இணைப்பாட ஈடுபாட்டைப் பதிவுசெய்யும் லீப்ஸ் 2.0 முறையும், மாணவர்களே முன்னெடுத்துப் பள்ளிக்கு வெளியே உள்ளோருக்குப் பயன்தரும் திட்டங்களை உயர்வாக மதிக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் மணிக்கணக்குப் பழக்கம் நம்மைவிட்டு இன்னும் முழுமையாகப் போகவில்லை. அமைப்புகளைத் தொலைபேசியில் அழைக்கும் ஆசிரியர்கள் இன்றும் "எங்களிடம் நாற்பது மாணவர்கள் இருக்கிறார்கள், வரும் வெள்ளிக்கிழமை இரண்டு மணிநேரம் ஏதாவது செய்யத் தரமுடியுமா?" என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள்.

கதவைத் திறப்பவரின் நிலையிலிருந்து இதை எண்ணிப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் நுழைந்தால் நிலையத்தில் உட்கார இடம் இருக்காது. ஊழியர் இருவர் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் ஐந்து பள்ளிகள் வரிசையாக முறுக்குப் பொட்டலத்தோடு வரும். பிப்ரவரி முதல் மே வரை ஒருவரும் வரமாட்டார்கள்.

அதனால் முதல் சந்திப்பில் உங்கள் திட்டத்தை எடுத்துவைக்க வேண்டாம். மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: இங்கே தமிழ் பேசுவோர் எத்தனை பேர் வருகிறார்கள், எந்த நாளில் எந்த நேரத்தில் ஆள் குறைவாக இருக்கிறது, நீங்கள் செய்ய நினைத்து ஆளில்லாமல் விட்டிருக்கும் வேலை எது. மூன்றாம் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் வியப்பளிக்கும். ஒரு நிலையத்தில் அறிவிப்புப் பலகையில் உள்ள தகவல்கள் தமிழில் இல்லை என்றார்கள். இன்னொன்றில், மருத்துவமனையிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் படித்துச் சொல்ல யாராவது இருந்தால் நல்லது என்றார்கள். ஒரு சமூக மன்றத்தில், பொங்கல் நிகழ்ச்சிக்குக் கரும்பு கட்டுவதற்கும் கோலத்துக்கும் ஆளிருந்தும், வருகிற சீன, மலாய்க் குடும்பங்களுக்குப் பொங்கல் என்றால் என்ன என்று அருகில் நின்று விளக்கிச் சொல்ல ஆளில்லை என்றார்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு நல்ல மாணவர் திட்டம். அறிவிப்புப் பலகையைத் தமிழாக்கிய உயர்நிலை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், அந்த மாதத்தில் அகராதியைப் புரட்டிய அளவுக்குத் தேர்வுக்காகக்கூடப் புரட்டியதில்லை. மொழிபெயர்ப்பை ஆசிரியர் சரிபார்த்த பிறகே பலகையில் ஒட்ட வேண்டும் என்பதையும், மருந்தளவு போன்ற மருத்துவ விவரங்களை மாணவர்களிடம் ஒருபோதும் விடக்கூடாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் கடிதம்

சந்திப்புக்குப் பின் பேசியதை எழுத்தில் அனுப்ப வேண்டும். நீண்ட கருத்துரு தேவையில்லை. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் இத்தகைய கடிதம் போதும்:

"அன்புடையீர், வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை எங்களுக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. தங்கள் நிலையத்துக்கு வரும் தமிழ் முதியவர்களோடு எங்கள் மாணவர்கள் உரையாடவும், அறிவிப்புகளைத் தமிழில் எழுதித் தரவும் தாங்கள் இசைந்ததில் மகிழ்ச்சி. ஒரு முறைக்கு எட்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் வருவோம். இரண்டாம் தவணையிலும் மூன்றாம் தவணையிலும் மாதம் ஒரு முறை, வியாழக்கிழமைகளில் பிற்பகல் 3 மணி முதல் 4 மணி வரை தங்களுக்கு வசதிப்படுமா என அறிய விரும்புகிறோம். மாணவர்களை அழைத்து வருவதும் கவனித்துக்கொள்வதும் எங்கள் பொறுப்பு. தாங்கள் ஓர் அறையையும், உரையாட விருப்பமுள்ள முதியவர்களின் பெயர்களையும் தந்தால் போதும். இடையில் ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டால் என்னைத் தயங்காமல் அழைக்கலாம்."

இதில் எண்ணிக்கை, நாள், நேரம், யார் பொறுப்பு எது என்னும் நான்கும் இருப்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான மனத்தாங்கல்கள் இந்த நான்கில் ஒன்று சொல்லப்படாமல் போவதால் வருகின்றன. கடிதம் பள்ளி முதல்வரின் ஒப்புதலோடு செல்ல வேண்டும். மறுமுனையிலும் மேலாளர், அன்றாடம் அங்கே இருக்கும் ஊழியர் ஆகிய இருவருக்கும் போக வேண்டும். மேலாளர் ஒப்புக்கொண்ட செய்தி தமக்குத் தெரியாது என்று ஊழியர் வாசலில் கைவிரித்து, எட்டுப் பிள்ளைகளோடு கொட்டும் மழையில் புளோக்கின் கீழே நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

இரண்டு மூன்று பள்ளிகள் சேரும்போது

ஒரு பள்ளியில் எட்டு மாணவர், அடுத்த பள்ளியில் ஆறு, மூன்றாவது பள்ளியில் பத்து என்று சேர்த்தால், ஒரு நாடகத்துக்கோ சிறு கண்காட்சிக்கோ போதுமான குழு அமைந்துவிடும். தமிழ் கற்பிக்கப்படாத பள்ளிகளிலிருந்து, பள்ளி நேரத்துக்குப் பின் வேறொரு பள்ளியின் தமிழ் நிலையத்துக்கு வந்து படிக்கும் மாணவர்களை மறந்துவிடாதீர்கள். தங்கள் பள்ளியில் தமிழ் நண்பர்களே இல்லாத பிள்ளைகள் அவர்கள். எனக்குத் தெரிந்தவரை இத்தகைய கூட்டு முயற்சிகளில் மிகுந்த ஆர்வத்தோடு ஈடுபடுவோரும் அவர்களே.

சேர்ந்து செய்வதற்கு ஒரு பள்ளி முன்னின்றே ஆக வேண்டும். எல்லாரும் சமம் என்று விட்டுவிட்டால், பங்காளி நிறுவனத்துக்கு மூன்று ஆசிரியர்களிடமிருந்து மூன்று விதமான செய்திகள் போகும். முன்னிற்கும் பொறுப்பை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே தொடர்புகொள்பவர் ஒருவராகவே இருக்கட்டும். மாணவர்களைக் கலந்து குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு பள்ளி ஒரு குழு என்று விட்டால் அது போட்டியாக முடியும். முதல் இரண்டு சந்திப்புகளில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். கண்டிக்க வேண்டாம். பெரியவர்கள் நடுவே உட்கார்ந்ததும் தமிழ் தானாக வரத் தொடங்கும்.

நாட்காட்டியோடு ஒத்துப்போவது

பள்ளி ஆண்டின் நான்கு தவணைகளில் இரண்டாவதும் மூன்றாவதும் இந்தப் பணிக்கு உகந்தவை. முதல் தவணையில் புதிய வகுப்பும் புதிய மாணவர்களும் நிலைபெறவே நாள் சென்றுவிடும்; பொங்கல் மட்டும் சனவரி நடுவில் வருவதால், அதில் பங்கெடுக்க நினைப்பவர்கள் முந்திய நவம்பரிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். நான்காம் தவணை தேர்வுக்குரியது. தொடக்கநிலை இறுதித் தேர்வு எழுதும் வகுப்பையும் உயர்நிலையின் இறுதி வகுப்பையும் முதன்மைப் பொறுப்புகளில் அமர்த்த வேண்டாம். அரையாண்டுத் தேர்வுகள் கைவிடப்பட்ட பிறகு மே மாதத்தில் முன்பு கிடைக்காத இடைவெளி கிடைக்கிறது. அதைப் பாடப் பயிற்சித் தாள்கள் விழுங்கிவிடுமுன் நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மாதத்துக்குத் தனி இடம் உண்டு. 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வளர்தமிழ் இயக்கம் 2007 முதல் தமிழ்மொழி விழாவை நடத்தி வருகிறது. பல்வேறு அமைப்புகள் அந்த மாதத்தில் தத்தம் நிகழ்ச்சிகளைப் படைக்கின்றன. உங்கள் குழுவின் படைப்பைத் தனியாக ஒரு நிகழ்ச்சியாக நடத்துவதைவிட, ஏற்கெனவே விழாவில் பங்கெடுக்கும் சமூக மன்றத்தின் நிகழ்ச்சியில் அரை மணிநேரம் கேட்பதே எளிது. அரங்கு, ஒலிபெருக்கி, பார்வையாளர் எல்லாம் அவர்களிடம் இருக்கும். பிள்ளைகள் உங்களிடம் இருக்கிறார்கள். ஆனால் நிகழ்ச்சிகள் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும் என்பதால், செப்டம்பர் விடுமுறையிலேயே சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழுவை அணுகுங்கள். பள்ளிக்குள் நடத்த விரும்புவோருக்குத் தாய்மொழி இருவார விழாவும், சூலை 21ஆம் நாள் இன நல்லிணக்க நாளும் கைகொடுக்கும். இரண்டாவதில் தமிழ் மாணவர்கள் உடையும் உணவும் காட்டுவதோடு நின்றுவிடாமல், அந்த வட்டாரத்துத் தமிழர் ஒருவரின் வாழ்க்கைக் கதையைப் பிற மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைத்தால், பார்ப்பவர் மனத்தில் நிற்கும்.

அனுமதி, படம், பணம், உணவு

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பள்ளியிலும் இவற்றுக்கான நடைமுறை எழுத்தில் உள்ளது, அலுவலகத்தில் கேட்டு அதன்படி நடந்தால் போதும். பெற்றோர் இசைவைப் பேரன்ட்ஸ் கேட்வே செயலி வழியே குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் கேளுங்கள். நடந்துபோகும் தூரமே ஆனாலும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புங்கள். சாலை கடக்கும் இடம், மழை வந்தால் ஒதுங்கும் இடம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் ஆகியவை அதில் இருக்கட்டும். வெளியிலிருந்து பறையோ கூத்தோ கற்றுத்தர வருபவர் கல்வி அமைச்சிடம் பதிவுசெய்த பயிற்றுநராக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய கலைஞரானாலும் இதில் விலக்கு இல்லை.

படம் எடுப்பதில் இருபக்க இசைவும் தேவை. பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்கும் ஆசிரியர்கள், முதியவர்களிடம் கேட்க மறந்துவிடுகிறார்கள். பங்காளி அமைப்புகளைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பது ஒருபுறம் இருக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவர் தம் படம் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் வருவதை விரும்பாமல் இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பது அடிப்படை மரியாதை.

கடைக்காரர்கள் தாராள மனத்தினர். "பிள்ளைங்களுக்குத்தானே, வச்சுக்கங்க சார்" என்று ஐம்பது வெள்ளித் தாளை நீட்டுவார்கள். கையில் வாங்காதீர்கள். பள்ளி அலுவலகம் வழியாக நன்கொடையாகத் தர முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். இல்லையேல் பொருளாகத் தரச் சொல்லுங்கள். பொருளையும் அலுவலகத்தில் தெரிவித்த பின்னரே ஏற்றுக்கொள்ளுங்கள். உணவைப் பொறுத்தவரை, சைவமாகவும் ஹலால் சான்றிதழ் பெற்றதாகவும் உள்ள ஒரே வகையை எல்லாருக்கும் தருவது சிக்கலைக் குறைக்கும். முதியோர் நிலையத்துக்கு இனிப்புக் கொண்டுபோகுமுன் ஊழியரிடம் கேளுங்கள், நீரிழிவு இல்லாதவர் அங்கே அரிது.

ஒரு பிற்பகல், அருகிலிருந்து

எல்லா நடவடிக்கைகளிலும் நான் மிகுதியாகப் பரிந்துரைப்பது முதியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்வதுதான். சிங்கப்பூரில் அதற்கு நல்ல முன்மாதிரி உண்டு: 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுப் பிரிவு பதிவுசெய்த நேர்காணல்களில் தமிழ் நேர்காணல்களும் இருக்கின்றன, தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பலவற்றைக் கேட்கலாம். முதல் பாடமாக ஒன்றிலிருந்து பத்து நிமிடத்தை வகுப்பில் ஓடவிட்டு, கேட்பவர் எங்கே இடைமறித்தார், எங்கே பொறுமையாகக் காத்திருந்தார் என்று மாணவர்களைக் கவனிக்கச் செய்யுங்கள்.

அடுத்தது கேள்வி தயாரிப்பு. மாணவர்கள் முதலில் எழுதிவருவது "தாங்கள் எந்த ஆண்டு சிங்கப்பூருக்கு வருகை புரிந்தீர்கள்?" என்ற வகையில் இருக்கும். அதைப் படித்துக்காட்டச் சொன்னால் அவர்களுக்கே நாக்குப் புரளாது. 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் கிடைத்திருக்கிறது. அது பயன்பட வேண்டிய இடம் இது. "எப்ப சிங்கப்பூர் வந்தீங்க தாத்தா?" என்று கேள்வி அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள். எப்படி அழைப்பது என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சிலர் பாட்டி என்றால் மகிழ்வார்கள், சிலர் ஆன்ட்டி என்றே கூப்பிடச் சொல்வார்கள், முன்னாள் ஆசிரியர் ஒருவர் டீச்சர் என்று அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்.

செம்பவாங் வட்டாரத்தில் ஒரு பிற்பகல். உயர்நிலை ஒன்றாம் வகுப்புப் பையன்கள் இருவர் எழுபத்தேழு வயதுப் பெரியவர் எதிரே உட்கார்ந்தார்கள். அட்டையில் இருந்த முதல் மூன்று கேள்விகளுக்கும் அவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். நான்காவது கேள்விக்கு அட்டையைத் திருப்பப்போன பையன், பெரியவர் மேசைமீது வைத்திருந்த தகர டிபன் கேரியரைப் பார்த்து, "இது எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?" என்றான். 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேறும்வரை கடற்படைத் தளத்துக்கு அதில்தான் சோறு கொண்டுபோனதாகச் சொல்லத் தொடங்கியவர், நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. சங்கு ஊதும் நேரம், வாயிலில் சோதனை, ஒரே சமயத்தில் வேலையும் குடியிருப்பும் போய்விடுமோ என்று தந்தை இரவெல்லாம் விழித்திருந்தது, எல்லாம் வந்தன. அதற்குப் பிறகு எல்லாக் குழுக்களுக்கும் ஒரு விதி வைத்தோம்: முதியவர்கள் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளையோ படத்தையோ கொண்டுவர வேண்டும், முதல் கேள்வி அதைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

நடைமுறைக்கு வேண்டிய சில குறிப்புகள். ஒரு முதியவருக்கு இரண்டு மாணவர்: ஒருவர் பேச, மற்றவர் பதிவைக் கவனிக்க. மூன்று பேர் சூழ்ந்தால் விசாரணை போலாகிவிடும். கைப்பேசியைப் பறக்கும்நிலையில் வைத்து, மேசையில் ஒரு கைக்குட்டையின்மேல் கிடத்திவிடுங்கள். மேசை அதிர்வு பதியாது. நல்ல காது உள்ள பக்கம் எது என்று ஊழியரிடம் கேட்டு, மாணவரை அந்தப் பக்கம் அமர்த்துங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். துயரமான செய்தி வந்து பெரியவர் கலங்கினால், பதிவை நிறுத்திவிட்டு ஆசிரியரைக் கூப்பிட வேண்டும் என்று மாணவர்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். கலங்கிய பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்த மாணவியையும் கண்டிருக்கிறேன், அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

பதிவை எழுத்தாக்கும் வேலையில் முழு உரையாடலையும் எழுதச் சொல்லி மாணவர்களை வதைக்காதீர்கள். ஐந்து நிமிடப் பகுதி ஒன்றைத் தேர்ந்து, பேசியவாறே எழுதட்டும். "ஒத்தைக்கு", "பசார்", "கங்காணி" போன்ற சொற்கள் வரும்போது அவற்றுக்கு ஒரு சிறு சொல்லடைவு தயாரிக்கட்டும். எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பேசியவரிடமே எடுத்துச் சென்று படித்துக்காட்டி, திருத்தம் கேட்ட பிறகே கண்காட்சிக்கோ பள்ளி இதழுக்கோ தர வேண்டும். இந்த இரண்டாம் சந்திப்பை நேரமில்லை என்று விட்டுவிடும் பள்ளிகள் பல. அதை விட்டால் கதையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற எண்ணமே முதியவர்களிடம் மிஞ்சும்.

நடந்த பிறகு

விஐஏ திட்டத்தில் மாணவர்கள் தங்கள் அனுபவத்தை எண்ணிப் பார்த்து எழுத வேண்டும். "முதியவர்களை மதிக்கக் கற்றுக்கொண்டேன்" என்று எல்லாருமே எழுதுவார்கள், ஏனெனில் ஆசிரியர் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். கேள்வியை மாற்றுங்கள். இன்று உனக்குப் புரியாத ஒரு சொல் எது? எந்த இடத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் திகைத்தாய்? அடுத்த முறை நீ எதை வேறுவிதமாகச் செய்வாய்? இவற்றை எழுதவைப்பதைவிட, பள்ளிக்குத் திரும்பி நடக்கும் வழியிலேயே பேசவைப்பது மேல். கூச்சமுள்ள பிள்ளைகள் நடக்கும்போது பேசுகிறார்கள்.

பங்காளியிடமும் கேளுங்கள், மதிப்பீட்டுப் படிவம் அனுப்பாமல் நேரில் போய்க் கேளுங்கள். ஒரு நிலைய ஊழியர், "வர்றது நல்லாத்தான் இருக்கு, ஆனா போன பிறகு நாற்காலியெல்லாம் நாங்கதான் அடுக்குறோம்" என்றார். ஓராண்டாக எங்கள் கண்ணில் படாத ஒன்று. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் கடைசி ஐந்து நிமிடம் நாற்காலிக்கு ஒதுக்கப்பட்டது.

நம் நாட்டில் ஆசிரியர்கள் பள்ளி மாறுவார்கள், சமூக மன்ற மேலாளர்களும் மாறுவார்கள். ஒருவர் போனதும் உறவு அறுந்துபோவதைப் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். இதற்கு ஒரு கோப்பு போதும்: யாரோடு பேசினோம், எந்த நாள் அவர்களுக்கு ஒத்துவரும், எந்த முதியவருக்கு எந்தக் காது கேட்கும், எது சரிவரவில்லை என்று இரண்டு பக்கம் எழுதி, குழுமத்தின் மற்ற பள்ளிகளுக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள். அந்த ஆண்டு பங்கெடுத்த மாணவர்களுள் இருவரை அடுத்த ஆண்டுக்கும் நிறுத்திவைத்து, புதியவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பை அவர்களிடம் விடுங்கள். ஆண்டிறுதி விடுமுறைக்குப் பள்ளி மூடுமுன் நிலையத்துக்கு ஒருமுறை போய், மாணவர்கள் எழுதிய பக்கங்களை நிலையத்திலேயே வைத்துக்கொள்ள ஒரு பிரதி கொடுத்து, அடுத்த ஆண்டின் முதல் வியாழக்கிழமை எது என்று அவர்களுடைய சுவர் நாட்காட்டியில் உங்கள் கையாலேயே குறித்துவிட்டு வாருங்கள்.